ஃபார்மேட் அடிக்கிறதுக்கு முன்னால
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லைங்க. பத்தாவது வரைக்கும் படிச்சேன், அப்புறம் கல்யாணம், வீடு, மாடு, பிள்ளைங்கன்னு போயிடுச்சு. போன மாசக் கூட்டத்துல பின்வரிசையில இருந்து ஒரு அக்கா கேட்டாங்க: "ஏம்மா, நீ நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டரை மொத்தமா அழிச்சுட்டு மறுபடி போட்டியாமே, அழிச்சா நம்ம கணக்கு போயிடாதா?" அன்னிக்கு நேரம் இல்லை. அதனால தலைவி அக்கா, "விழாவுல எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிடு"ன்னாங்க.

அந்த அக்காவுக்கு என் பதில், போயிடும்தான். ஒரு தடவை போச்சு. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அதனால முதல்ல போன கதையைச் சொல்லிட்டு, அப்புறம் துடைச்ச கதையைச் சொல்றேன்.

தமிழ்நாட்டு அரசோட மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல நம்ம தருமபுரி மாவட்டத்துலதான் முதல்ல ஆரம்பிச்சது. எங்க அம்மா காலத்துக் குழுவுல இருந்தது ஒரு நோட்டு, ஒரு தகரப் பெட்டி, மூணு பேர்கிட்ட மூணு சாவி. எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் எழுதுவாங்க, மத்தவங்க கைநாட்டு வைப்பாங்க. அந்த நோட்டு இன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. ஓரத்தைக் கரையான் அரிச்சிருக்கு, ஆனா யார் எவ்வளவு கட்டினாங்கன்னு இன்னிக்கும் படிக்கலாம்.

நம்ம கூட்டமைப்புக்கு 2018-ல கம்ப்யூட்டர் வந்தது. வந்த ஜோர்ல, கையால எழுதுற பேரேட்டை நிறுத்திட்டோம். கூட்டமைப்புக் கடன் தவணை எல்லாம் எக்செல்ல ஏத்தினோம். ரசீதும் அதுலயே அடிச்சுக் கொடுத்தோம். பழைய ரசீதுப் புத்தகத்துல அடிக்கட்டைன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அது இதுல கிடையாது. அப்ப அது ஒரு குறையாவே தெரியலை.

அடுத்த ஜனவரியில மிஷின் திணற ஆரம்பிச்சது. நானும் என் வீட்டுக்காரரும் பைக்ல நடுவுல வெச்சுக் கட்டி டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரத் தம்பி, "ஃபார்மேட் அடிச்சு ஓ.எஸ். போட்டாச் சரியாயிடும், ஐந்நூறு ரூபாய்"ன்னான். "கணக்கெல்லாம் இருக்குப்பா"ன்னேன். "டி டிரைவ்ல இருக்கிறது போகாதுக்கா"ன்னான். நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். டி டிரைவ்னா என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லக் கூச்சமா இருந்தது.

அவன் பொய் சொல்லலைங்க. டி டிரைவ்ல இருந்தது போகலை. ஆனா நம்ம கணக்கு டி டிரைவ்ல இல்லை. டெஸ்க்டாப்ல இருந்தது. மிஷினைப் போட்டதும் கண்ணு முன்னால தெரியுதே, படம் மாதிரி ஒரு திரை, அதுதான் டெஸ்க்டாப். கண்ணு முன்னால தெரியறதால அது எங்கேயோ வெளியில தனியா பத்திரமா இருக்குன்னு நினைச்சோம். அது சி டிரைவுக்குள்ள இருக்கிற ஒரு ஃபோல்டர்தான். டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமும் சி-தான். ஃபார்மேட் அடிக்கிறது சி-யைத்தான்.

செப்டம்பர் வரைக்கும் தணிக்கைக்காகப் பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தோம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசம் போச்சு. எல்லார்கிட்டயும் பாஸ் புத்தகம் இருந்ததால அதைப் பார்த்துத் திருப்பி ஏத்தினோம். ஒரே ஒரு அக்காவோட புத்தகம் மட்டும் அந்த வருஷ மழையில கூரை ஒழுகி ஊறிப்போச்சு. ரசீது வெச்சிருந்த பையும் அதே மூலையில இருந்திருக்கு. மூணு தவணை, தவணைக்கு 1,500, மொத்தம் 4,500 ரூபாய். "கட்டிட்டேன்"னு அவங்க சொன்னாங்க. "பதிவுல இல்லையே"ன்னு நாம சொன்னோம். வங்கியில எல்லார் பணத்தையும் மொத்தமாப் போட்டதால யார் பணம் எதுன்னு பிரிச்சுப் பார்க்க முடியலை. அதுலயும் மூணு மாசமும் ஒண்ணு ரெண்டு பேர் தவணை தவறியிருந்தாங்க. அவங்களும் அதுல ஒருத்தரா இருக்கலாம்னு பேச்சு வந்தது.

அவங்க காதுல கிடந்த கம்மலை அடகு வெச்சு 4,500-ஐ மறுபடி கட்டினாங்க. கட்டிட்டு, குழுவை விட்டே போனாங்க. அன்னிக்குக் கூட்டத்துல நானும் இருந்தேன். மிஷினைக் கொண்டு போனது நான்னு எனக்குத் தெரியும். வாயைத் திறக்கலை.

இதை அவங்க சம்மதம் கேட்டுத்தான் இங்க சொல்றேன். பேர் மட்டும் வேணாம்னாங்க.

அப்புறம் மூணு வருஷம் கழிச்சு, 2022 மே மாசம், பழையபடி அதே மிஷின் படுத்துடுச்சு. காலையில பத்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டா, நான் வீட்டுக்கு வந்து உலை வெச்சு, சோறு வடிச்சுட்டுப் போனா அப்பத்தான் திரை வந்திருக்கும். எக்செல் திறக்க ஆறு நிமிஷம். நாம ஒண்ணைத் தட்டினா அது ரம்மி விளம்பரத்தைத் திறக்கும். எந்த ஃபோல்டரைப் பார்த்தாலும் மூலையில ஒரு வளைஞ்ச அம்புக்குறி முளைச்சிருந்தது.

கணக்காளர் தங்கச்சி வங்கிக்குப் பட்டியல் கொடுக்கப் பென்டிரைவோட போனப்ப, அங்க இருந்த சார், "உங்க பென்டிரைவை எங்க மிஷின்ல சொருகாதீங்கம்மா, போன தடவையே வைரஸ்னு கத்தினது"ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாராம். தங்கச்சி அழுதுட்டு வந்தா. கொள்ளை நோய் வந்த வீட்டு ஆளு மாதிரி நிறுத்திட்டாங்க அக்கான்னா.

என் அக்கா பையன் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறான். அரசாங்கம் பிளஸ் டூ-வுல கொடுத்த லேப்டாப்தான் அவன்கிட்ட இருக்கிறது. லீவுக்கு வந்திருந்தான். அவனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அவன் சொல்லித்தான் அந்த அம்புக்குறி என்னன்னு புரிஞ்சது. வைரஸ் நம்ம நிஜ ஃபோல்டரை மறைச்சு வெச்சுடும். அதே பேர்ல ஒரு போலியை முன்னால வைக்கும். நாம போலியைத் தட்டினா, முதல்ல வைரஸ் ஓடும், அப்புறம் அதுவே நிஜ ஃபோல்டரைத் திறந்து காட்டும். அதனால நமக்குச் சந்தேகமே வராது. எந்தப் பென்டிரைவைச் சொருகினாலும் அதுலயும் போய் உட்கார்ந்துக்கும். அந்தப் பென்டிரைவை ஜெராக்ஸ் கடையில போட்டா அங்க தொத்தும், அங்கிருந்து அடுத்தவங்களுக்கு. நமக்கும் அப்படித்தான் வந்திருக்கும். யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு கண்டுபிடிக்க முடியாது.

ஆன்டிவைரஸ் போட்டுப் பார்த்தோம். நூத்துக்கு மேல பிடிச்சது. மறுநாள் திரும்ப வந்துடுச்சு. எதனாலன்னு தோண்டினப்பதான் கடைக்காரத் தம்பி பண்ணின வேலை தெரிஞ்சது. நம்ம மிஷின் வாங்கும்போதே காசு கொடுத்த விண்டோஸ் 10-ஓடதான் வந்தது. அதை எடுத்துட்டு அவன்கிட்ட இருந்த திருட்டு விண்டோஸைப் போட்டிருக்கான். திருட்டு விண்டோஸை நம்ப வைக்க ஒரு சின்ன புரோகிராம் போடணுமாம். விண்டோஸோட கூடவே வர்ற காவல் புரோகிராம் அதைத் திருடன்னு பிடிச்சுடும். அதனால காவலை நிறுத்தி வெச்சிருக்கான். மூணு வருஷமா நம்ம வீட்டுல நாயைக் கட்டிப் போட்டுட்டு வாசலைத் திறந்து வெச்சிருந்திருக்கோம்.

"இதைச் சுத்தம் பண்ணிப் பிரயோஜனம் இல்லை சித்தி. மொத்தமாத் துடைச்சுப் புதுசாப் போடணும்"னான். எனக்கு வயித்தைக் கலக்கினது. "கடைக்கு வேணாம், இங்கேயே செய், ஒவ்வொண்ணையும் எனக்குச் சொல்லிக்கிட்டே செய், பட்டனை நான்தான் அழுத்துவேன்"னேன். அவன் சிரிச்சான்.

பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறப்ப என்ன செய்வோம்? அரிசி மூட்டை, பாத்திரம், பத்திரம், சாமி படம் எல்லாத்தையும் வெளியில எடுத்து வெச்சுட்டுத்தானே சுவத்துல கை வைப்போம். சுண்ணாம்பு அடிக்கிறது அரை நாள் வேலை, எடுத்து வைக்கிறதுதான் ரெண்டு நாள் வேலை. இதுவும் அப்படித்தான். ஓ.எஸ். போட ஆனது ஒரு மணி நேரம்கூட இல்லை. அதுக்கு முன்னால ரெண்டு நாள் உட்கார்ந்தோம்.

முதல் நாள் ஒரு நாற்பது பக்க நோட்டுல பட்டியல் போட்டோம். தலைவி அக்கா, பொருளாளர் அக்கா, கணக்காளர் தங்கச்சி, நான். எது எது இந்தப் பெட்டிக்குள்ள இருக்குன்னு ஒவ்வொருத்தரும் ஞாபகப்படுத்திச் சொன்னோம். கடன் பேரேடு, தீர்மானங்கள், தணிக்கை அறிக்கை, வங்கிக் கடிதங்கள், குழுக்களோட தரம் பிரித்தல் படிவம், பயிற்சிப் போட்டோக்கள். பிரிண்டர் எந்த மாடல்னு அதோட முதுகைப் பார்த்து எழுதினோம். ஈமெயில் பாஸ்வேர்டு யாருக்குமே தெரியலை. மிஷினே ஞாபகம் வெச்சுத் தானா உள்ள விட்டதால யாரும் எழுதி வைக்கலை. துடைச்சிருந்தா வாசல்லயே நின்னிருப்போம். அன்னிக்கே மாத்தி எழுதி வெச்சோம்.

ஒண்ணை மட்டும் மறந்துட்டோம். அதை அப்புறம் சொல்றேன்.

ரெண்டாம் நாள் எடுத்து வைக்கிற வேலை. வைரஸ் இருக்கிற விண்டோஸைத் திறந்து காப்பி பண்ணினா பென்டிரைவ்லயும் ஒட்டிக்கும் இல்லையா? அதுக்கு அவன் ஒரு வழி வெச்சிருந்தான். உபுண்டுன்னு ஒரு ஓ.எஸ்., லினக்ஸ் வகை, இலவசம். அதைப் பென்டிரைவ்ல போட்டு அங்கிருந்தே மிஷினை ஓட்டலாம், உள்ள எதையும் மாத்த வேண்டியதில்லை. விண்டோஸ் தூங்கிட்டே இருக்கும். விண்டோஸுக்காக எழுதின வைரஸும் எழுந்திருக்காது. மறைச்சு வெச்ச ஃபோல்டர் எல்லாம் அதுல மறைவே இல்லாம பளிச்சுன்னு தெரிஞ்சது.

எக்செல், வேர்டு, போட்டோ, பி.டி.எஃப். இந்த நாலு வகையை மட்டும் எடுத்தோம். அம்புக்குறி போட்டது எதையும் தொடலை, புரோகிராம் எதையும் எடுக்கலை. எடுத்ததை ஆன்டிவைரஸ் வெச்சுச் சோதிச்சுட்டு, அவன் லேப்டாப்ல ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்தோம். பேர் இருக்கான்னு பார்க்கிறது வேற, திறந்து உள்ள எழுத்து இருக்கான்னு பார்க்கிறது வேற. ரெண்டு ஃபைல் பேர் இருந்தது, திறக்கலை. திரும்ப எடுத்தோம், திறந்தது. முன்னமே துடைச்சிருந்தா அது ரெண்டும் போயிருக்கும். எல்லாத்தையும் ரெண்டு இடத்துல வெச்சோம். ஒரு பென்டிரைவ், அப்புறம் கூட்டமைப்பு ஜிமெயிலோட கூகுள் டிரைவ். அதுல 15 ஜிபி வரைக்கும் காசு இல்லை.

பட்டியல்ல இருக்கிறதை எல்லாம் டிக் அடிச்சு முடிச்சுட்டு, மேசை டிராயரைச் சுத்தம் பண்ணினேன். ரப்பர் பேண்டு, காய்ஞ்ச பேனா, முத்திரை மை டப்பா, அதுக்கு அடியில ஒரு பழைய பென்டிரைவ். முன்னாடி கணக்கு எழுதின பொண்ணோடது. அவளுக்குக் கல்யாணமாகி ஓசூர் போயிட்டா. அது கெட்டுப் போனதுன்னு எல்லாருக்கும் தெரியும். 4,500 ரூபாய்ச் சண்டை வந்தப்பவே அதைச் சொருகிப் பார்த்தோம். ஒரே ஒரு அம்புக்குறி மட்டும் இருந்தது, தட்டினா பிழைன்னு வந்தது. காலின்னு முடிவு பண்ணிட்டோம்.

குப்பையில போடறதுக்கு முன்னால, "இதையும் அதுல சொருகுப்பா"ன்னேன். சொருகினான். உள்ள பேரே இல்லாத ஒரு ஃபோல்டர் இருந்தது. பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையா இருந்தது. அதைத் திறந்தா, உள்ள அவ்வளவும் இருந்தது. 2018 டிசம்பர் கடைசியில பிரிண்ட் எடுக்கறதுக்காக ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோன பேரேடு. அந்தக் கடை வைரஸ் அதை மறைச்சிருக்கு, அப்புறம் ஏதோ ஆன்டிவைரஸ் வைரஸை மட்டும் அழிச்சிருக்கு. போலி வாசல் உடைஞ்சு போச்சு, வீடு அப்படியே இருந்திருக்கு. அவன் ஒண்ணு சொன்னான், இதை எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கங்க. காலின்னு தெரியற பென்டிரைவோட பேர் மேல ரைட் கிளிக் பண்ணி, பிராபர்டீஸ் பாருங்க. காலியா இருந்தா இடமும் காலின்னு காட்டணும். பாதி நிரம்பியிருக்குன்னு காட்டினா, உள்ள ஏதோ மறைஞ்சு இருக்கு. எங்களுக்கு அன்னிக்கு அதைப் பார்க்கத் தெரியலை.

அந்த அக்காவோட பேருக்கு நேரா அக்டோபர் 1,500, நவம்பர் 1,500, டிசம்பர் 1,500 இருந்தது. தேதியோட.

நான் ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். பையன், "என்ன சித்தி, அடுத்து போகலாமா?"ன்னு கேட்டான். "இன்னிக்குப் போதும்டா"ன்னுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

மூணாம் நாள் ஞாயிற்றுக்கிழமை துடைச்சோம். விண்டோஸ் போடற பென்டிரைவை முந்தின நாள் ராத்திரியே அவன் லேப்டாப்ல தயார் பண்ணியிருந்தான். மைக்ரோசாப்ட்டோட பக்கத்துலயே அதுக்கு ஒரு புரோகிராம் இலவசமாக் கொடுக்கறாங்க. 8 ஜிபி பென்டிரைவ் வேணும், அதுல இருக்கிறது எல்லாம் அழிஞ்சுடும். வைரஸ் இருக்கிற மிஷின்ல இதைச் செய்யக் கூடாது, வேற சுத்தமான மிஷின்ல செய்யணும்.

ஸ்விட்ச் போடறதுக்கு முன்னால பெட்டியோட பக்கவாட்டுத் தகட்டைக் கழட்டினோம். உள்ள தூசி பஞ்சு மாதிரி, ஒரு ஓரத்துல ரெண்டு பல்லி முட்டை. பெயின்ட் பிரஷ் வெச்சு மெதுவாத் தட்டி எடுத்தேன். இதுக்கும் வைரஸுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனா சூடாகி மெதுவாகறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நம்ம மிஷின்ல போட்ட உடனே எஃப் 12 அழுத்தினா, எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு கேட்கும். வேற கம்பெனி மிஷின்ல வேற பட்டனா இருக்கும். பென்டிரைவைக் காட்டினோம். மொழி, கீபோர்டு கேட்டது. சாவி எண் கேட்கும்னு பயந்தேன், கேட்கவே இல்லை. வாங்கின விண்டோஸோட சாவி அந்த போர்டுக்குள்ளயே பதிஞ்சு இருந்திருக்கு. சொந்த வீட்டுச் சாவி இடுப்புல இருக்கும்போதே திருட்டுச் சாவி போட்டு மூணு வருஷம் குடியிருந்திருக்கோம்.

அப்புறம் கஸ்டம்னு ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா, சி, டி எல்லாம் வரிசையாக் காட்டும். டிரைவ் 0-ன்னு இருக்கிறது மிஷினோடது, டிரைவ் 1-ன்னு காட்டினது நாம சொருகின பென்டிரைவ். மாத்தி அழிச்சுடக் கூடாது. டி-யிலயும் வைரஸ் இருந்ததால டிரைவ் 0-ல எல்லாத்தையும் அழிக்கிறதுன்னு முடிவு. டெலிட்டுல விரல் வெச்சேன். நோட்டை எடுத்து டிக் எல்லாத்தையும் மறுபடி ஒரு தடவை பார்த்தேன். தலைவி அக்கா, "ரெண்டு இடத்துல இருக்குல்ல, அழுத்தும்மா"ன்னாங்க. அழுத்தினேன்.

பாதியில கரண்ட் போச்சு. எங்க யு.பி.எஸ். பேட்டரி செத்து ஒரு வருஷம். நான் பதறிட்டேன். பையன் பதறலை. "நம்ம பொருள் எல்லாம் வெளியில இருக்கு சித்தி, கரண்ட் வந்ததும் முதல்ல இருந்து போடலாம்"னான். முக்கால் மணி நேரம் கழிச்சு வந்தது, முதல்ல இருந்து போட்டோம், முடிஞ்சது. நெட் கொடுத்ததும் விண்டோஸ் தானா ஆக்டிவேட் ஆயிடுச்சு. அப்டேட் எல்லாம் இறங்க விட்டோம். பிரிண்டருக்கு டிரைவர் போட்டோம்.

அப்புறம் பேரேட்டைக் கொண்டுவந்து திறந்தா சரியா இருந்தது. தீர்மானங்களைத் திறந்தோம். அய்யய்யோ. பக்கம் பூரா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடும் கலந்து கிறுக்கினாப்புல இருந்தது. தலைவி அக்கா நெஞ்சுல கை வெச்சுட்டாங்க. இதுதான் நாங்க மறந்தது. தீர்மானம் எல்லாம் பழைய தமிழ் எழுத்துருவுல அடிச்சது. அந்த எழுத்துரு சி டிரைவுக்குள்ள இருந்தது, அதோட சேர்ந்து துடைஞ்சு போச்சு. எழுத்து போகலை, அதுக்குப் போட்ட சட்டைதான் போச்சு. டைப்பிங் சென்டர்ல இருந்து அந்த எழுத்துருவை வாங்கிட்டு வந்து போட்டதும் தமிழ் வந்துடுச்சு. அதுல இருந்து எல்லாம் யூனிகோடுலதான் அடிக்கிறோம். அது எந்த மிஷின்ல, எந்தப் போன்ல திறந்தாலும் தமிழாவே தெரியும். பழைய தீர்மானங்களையும் மாத்தணும், இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு.

வேகத்தைப் பத்தியும் உண்மையைச் சொல்லிடறேன். துடைச்சதும் குதிரை மாதிரி ஓடலை. பத்து மணிக்குப் போட்டா மூணு நிமிஷத்துல வந்தது, அவ்வளவுதான். மீதி மெதுவு வைரஸ் இல்லை, உள்ள சுத்திக்கிட்டு இருந்த பழைய ஹார்டு டிஸ்க். அடுத்த வருஷம் சுமார் ரெண்டாயிரம் ரூபாய்க்கு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டோம், அப்புறம்தான் அரை நிமிஷத்துல வருது. மெதுவா இருக்குன்னாலே வைரஸ்னு நினைக்க வேண்டாம். வைரஸ் இல்லாத மிஷினைப் போய் துடைச்சுட்டு உட்கார்ந்திருப்போம்.

திங்கட்கிழமை தலைவி அக்காவும் நானும் அந்தப் பேரேட்டுப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். ராகி புடைச்சுட்டு இருந்தாங்க. முறத்தைக் கீழ வைக்காமயே கேட்டாங்க. நான்தான் சொன்னேன். கடைக்குக் கொண்டு போனது நான், எதுல இருக்குன்னு தெரியாமத் தலையாட்டினது நான், அன்னிக்குக் கூட்டத்துல வாய் மூடி இருந்ததும் நான்னு சொன்னேன்.

பேப்பரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "4,500 திருப்பிக் கொடுத்துடுவீங்க, சரி. அன்னிக்கு அத்தனை பேர் முன்னால பொய்க்காரியா நின்னேனே, அதை யார் கணக்குல வரவு வைப்பீங்க?"

எங்ககிட்ட பதில் இல்லை. தண்ணிகூடக் கொடுக்கலை, நாங்களும் கேட்கலை.

அடுத்த பொதுக்குழுவுல தலைவி அக்கா எழுந்து நின்னு அந்தப் பக்கத்தை வாசிச்சாங்க. நம்ம தப்புன்னு தீர்மானம் எழுதினோம், கம்மல் அடகு வட்டியும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறதுன்னு முடிவாச்சு. பணத்தை வாங்கிக்கிட்டாங்க. ஏழெட்டு மாசம் கழிச்சு அவங்க குழுவுக்குத் திரும்ப வந்துட்டாங்க. ஆனா கம்ப்யூட்டர் ரசீதை இன்னி வரைக்கும் தொடமாட்டாங்க. கையால எழுதி, சீல் வெச்சு, அடிக்கட்டையிலயும் எழுதினதைப் பார்த்துட்டுத்தான் பணத்தை எடுப்பாங்க. நாங்களும் அப்படியே கொடுக்கிறோம். அவங்களைப் பார்த்து மத்தவங்களும் கேட்டாங்க. இப்ப எல்லாருக்கும் கை ரசீதுதான். உங்களுக்கு ஏன் மறுபடி அடிக்கட்டை வந்ததுன்னு கேட்டவங்களுக்கு இதுதான் காரணம்.

இப்ப ஆபீஸ்ல என்ன செய்யறோம்னா, மாசக் கடைசியில பேரேட்டைப் பிரிண்ட் எடுத்து மூணு பேர் கையெழுத்துப் போடறோம். ஒரு காப்பி பென்டிரைவ்ல, அதைச் சொருகியே வைக்காம பொருளாளர் அக்கா வீட்டுப் பீரோவுக்குப் போயிடும். சொருகியே இருந்தா, மிஷினுக்கு வர்றது அதுக்கும் வரும். வெளியில போய் வந்த எந்தப் பென்டிரைவையும் ஸ்கேன் பண்ணாமத் திறக்கிறது இல்லை. ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவே கொண்டு போறதில்லை, ஈமெயில்ல அனுப்பி எடுத்துக்கறோம். அட்மின் பாஸ்வேர்டு ஒரு கவர்ல ஒட்டித் தகரப் பெட்டியில இருக்கு. தினமும் வேலை செய்யறது சாதாரண லாகின்ல. புதுசா எதையாவது இறக்கணும்னா அந்தக் கவரைப் பிரிக்கணும், பிரிக்கணும்னா தலைவி அக்காகிட்ட சொல்லணும்.

மேடம் மணியைப் பார்க்கறாங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக் கொடுத்துட்டு இருந்த பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திட்டாங்க. நம்ம மிஷின்ல இருக்கிற சிப் பழசு, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. எப்படியாவது ஏத்தித் தர்றேன்னு கடைகள்ல சொல்றாங்க, வேணாம்னுட்டோம். புது மிஷினுக்கு இப்ப காசு இல்லை. அதனால அன்னிக்குப் பென்டிரைவ்ல ஓட்டிப் பார்த்தோமே, அந்த உபுண்டுவையே முழுசாப் போட்டுடலாம்னு போன கூட்டத்துல தீர்மானம் ஆயிருக்கு. எக்செல் மாதிரி அதுலயும் ஒண்ணு இருக்கு, லிப்ரெ ஆபீஸ்னு பேர், நம்ம பேரேடு அதுல திறக்குது, பார்த்துட்டேன். பிரிண்டரும் வேலை செய்யுது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஆபீஸ்ல வெச்சுப் போடறோம். இந்தத் தடவை பையன் வரலை, பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டான். நானும் கணக்காளர் தங்கச்சியும்தான். பட்டியல் நோட்டு தயாரா இருக்கு. எழுத்துருவை முதல் வரியிலயே எழுதிட்டேன். ஒவ்வொரு குழுவுல இருந்தும் ஒருத்தர் வந்து, உங்க குழுக் கணக்கு ரெண்டு இடத்துல திறக்குதான்னு நீங்களே பார்த்து அந்த நோட்டுல கையெழுத்துப் போடணும். எல்லாக் கையெழுத்தும் விழுந்த அப்புறம்தான் அழிக்கிற பட்டனை அழுத்துவோம். யு.பி.எஸ்.-க்குப் பேட்டரி மாத்தியாச்சு. மத்தியானச் சாப்பாடு ஆபீஸ்லயே, களியும் கீரைக் கடைசலும். அந்த அக்காவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.